ஐஐடி-யில் ஆர்ட்ஸ் படிக்கலாமா? பழைய வீடியோவை நம்பி ஏமாறாதீங்க!

"ஐஐடி-யில படிக்கிறேன்" என்று சொன்னால், "கம்ப்யூட்டர் சயின்ஸா, மெக்கானிக்கலா?" என்றுதான் அடுத்த கேள்வி வரும். "இங்கிலீஷ் லிட்டரேச்சர்" என்று சொல்லிப் பாருங்கள். "அதுக்கு எதுக்கு ஐஐடி?" என்பார்கள். நியாயமான கேள்விதான். பதிலைப் பார்ப்போம்.

இன்ஜினீயர்கள் கோட்டையில் ஆர்ட்ஸா?

இது புதுசு இல்லை. அமெரிக்காவின் எம்.ஐ.டி-யில் இளநிலை மாணவர்கள் எந்தத் துறையில் படித்தாலும், கலை, சமூக அறிவியல் சார்ந்த 8 பாடங்களை முடித்தால்தான் டிகிரி கிடைக்கும். நம் ஐஐடி-களிலும் பி.டெக் மாணவர்களுக்கு ஹியூமானிட்டீஸ் பாடங்கள் உண்டு. அணை கட்டத் தெரிந்தவருக்கு, அந்த அணையால் ஊரை இழப்பவர்களைப் பற்றியும் தெரிந்திருக்க வேண்டும் இல்லையா?

பிளஸ் டூ வழி மூடியாச்சு!

சென்னை ஐஐடி 2006-ல் ஐந்து வருட ஒருங்கிணைந்த எம்.ஏ படிப்பைத் தொடங்கியது. பிளஸ் டூ முடித்தவர்கள் எச்.எஸ்.இ.இ என்ற நுழைவுத்தேர்வு எழுதிச் சேர்ந்தார்கள். 2023-லிருந்து அந்த வழி இல்லை. இப்போது இருப்பது எகனாமிக்ஸ், டெவலப்மென்ட் ஸ்டடீஸ், இங்கிலீஷ் ஸ்டடீஸ் ஆகிய மூன்று பிரிவுகளில் இரண்டு வருட எம்.ஏ. சேர்க்கை, கேட் மதிப்பெண் மூலம். எனவே, பழைய வீடியோவைப் பார்த்துவிட்டு எச்.எஸ்.இ.இ கோச்சிங்குக்குப் பணம் கட்டிவிடாதீர்கள்.

கேட் எழுத இன்ஜினீயராக இருக்கணுமா?

தேவையில்லை. 2021-லிருந்து கேட் தேர்வில் 'எக்ஸ்.ஹெச்' என்ற ஹியூமானிட்டீஸ் தாள் இருக்கிறது. பி.ஏ, பி.காம் மாணவர்களும் மூன்றாம் ஆண்டிலேயே எழுதலாம். மொத்தம் 100 மதிப்பெண், 3 மணி நேரம். பொதுத்திறன் 15, வாசித்துப் புரிந்துகொள்வதும் தர்க்கமும் 25, நீங்கள் தேர்ந்தெடுக்கும் பாடம் 60. எகனாமிக்ஸ், ஆங்கிலம், மொழியியல், தத்துவம், உளவியல், சமூகவியல் ஆகியவற்றில் ஒன்றை எடுக்கலாம். ரிசல்ட் வந்ததிலிருந்து 3 வருடங்களுக்கு மதிப்பெண் செல்லும்.

ஒரு விஷயம், கேள்வித்தாள் முழுக்க ஆங்கிலத்தில்தான் இருக்கும். தமிழ் மீடியத்தில் படித்தவர்கள் பயப்பட வேண்டாம். ஆனால், கடைசி மூன்று மாதத்தில் பார்த்துக்கலாம் என்று விடவும் வேண்டாம். முதல் வருடத்திலிருந்தே தினமும் ஒரு ஆங்கிலக் கட்டுரை படித்து, அதன் சாரத்தை ஐந்து வரியில் எழுதிப் பழகுங்கள். 25 மதிப்பெண் பகுதிக்கு இதுதான் நேரடிப் பயிற்சி.

சேரும் முன் யோசிங்க

ஐஐடி பெயர் மட்டுமே வேலை வாங்கித் தராது. கேம்பஸுக்கு வரும் பல நிறுவனங்கள் இன்ஜினீயர்களைத் தேடித்தான் வருகின்றன. ஆராய்ச்சி, கொள்கை ஆய்வு, தொண்டு நிறுவனங்கள், பத்திரிகை, ஆசிரியர் பணி என உங்கள் பாதையை நீங்களே தேட வேண்டியிருக்கும். லாபம் எதில் தெரியுமா? டேட்டா சயின்ஸ் படிப்பவர் உங்கள் மெஸ் டேபிளில் உட்கார்ந்திருப்பார். அவரிடம் கேள்வி கேட்கத் தயங்காதவர்களுக்குத்தான் இந்த இடம் செட் ஆகும்.

காந்திநகர் ஐஐடி-யிலும் 'சொசைட்டி அண்ட் கல்ச்சர்' என்ற எம்.ஏ இருக்கிறது. சேர்க்கை விதி இடத்துக்கு இடம் மாறும். அந்தந்த நிறுவனத்தின் இந்த வருட அறிவிப்பைப் படித்துவிட்டு முடிவெடுங்கள்.

இப்போது பிளஸ் டூ முடித்திருந்தால், பிடித்த பாடத்தில் நல்ல கல்லூரியில் டிகிரி சேருங்கள். "ஆர்ட்ஸ் எடுத்தா எதிர்காலம் என்ன ஆகும்?" என்று அப்பா கேட்டால், மூன்று வருடத்துக்கான இந்தத் திட்டத்தை ஒரு பேப்பரில் எழுதிக் காட்டுங்கள். கோபத்தைவிட அது நன்றாகப் பேசும்!