துரோகிகள் எனப்பட்ட எண்மர்

கலிபோர்ணியா மாநிலத்தின் சான் பிரான்சிஸ்கோ நகருக்குத் தெற்கே சாந்தா கிளாரா என்றொரு பள்ளத்தாக்கு உண்டு. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையும் அது பழத்தோட்டங்களுக்கே பேர்போன இடமாக விளங்கிற்று. இளவேனில் வந்ததும் பிளம், அப்ரிகொட், செரி ஆகிய மரங்கள் பூத்துக் கண்ணுக்கெட்டிய தூரம் வரை வெண்மையும் இளஞ்சிவப்புமாய்க் காட்சி தரும். ‘உள்ளம் களிக்கும் பள்ளத்தாக்கு’ என்றே மக்கள் அதனை அழைத்தனர். பழங்களை உலர்த்துவதும் தகரப் பேணிகளில் அடைப்பதுமே அங்குள்ளோரின் முதன்மையான தொழில்களாக இருந்தன.

இன்று அப்பழைய பெயரை நினைவில் வைத்திருப்போர் சிலரே. 1971 ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் டொன் ஹோப்லர் என்னும் பத்திரிகையாளர் தாம் எழுதிய கட்டுரைத் தொடருக்குச் ‘சிலிக்கன் பள்ளத்தாக்கு’ எனத் தலைப்பிட்டார். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. மணலிலிருந்து பிரித்தெடுக்கப்படும் சிலிக்கன் என்னும் மூலகத்தைக் கொண்டு நுண்ணிய மின்சுற்றுக்களை ஆக்கும் தொழில், பழமரங்கள் நின்ற மண்ணில் வேரூன்றி உலகத்தின் போக்கையே மாற்றிவிட்டது.

பழத்தோட்டம் எவ்வாறு தொழிற்பட்டினமாயிற்று? அங்கே செல்வம் குவிந்து கிடந்ததா? பெரும் ஆய்வுகூடங்கள் நிறைந்திருந்தனவா? இல்லை. செல்வமும் ஆய்வுகூடங்களும் அக்காலத்தில் நியூயோர்க், பொஸ்டன் முதலிய கிழக்குக் கரை நகரங்களிலேயே மிகுந்திருந்தன. அந்நகரங்களில் இல்லாத ஒரு வழக்கம் இப்பள்ளத்தாக்கில் மெல்ல மெல்ல உருவாயிற்று. ஒரு தொழிலகத்தை விட்டு விலகித் தனியே தொழில் தொடங்குபவனைப் பகைவனாகக் கருதாமையே அவ்வழக்கம். அது தோன்றிய வரலாற்றை அறிவது தொழில் முயற்சியிற் கருத்துடைய மாணவர்களுக்கும் அவர்தம் பெற்றோருக்கும் பெரிதும் பயன் தருவதாகும்.

பேராசிரியரின் கவலை

அப்பள்ளத்தாக்கிலே ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகம் இருக்கின்றது. அங்கு மின்பொறியியல் கற்பித்த பிரெடெரிக் டேர்மன் என்னும் பேராசிரியருக்கு 1930 ஆம் ஆண்டுகளில் ஒரு கவலை இருந்தது. தாம் அரும்பாடுபட்டுப் பயிற்றிய மாணவர்கள் பட்டம் பெற்றதும் வேலை தேடிக் கிழக்குக் கரைக்குச் சென்றுவிடுகின்றனரே என்பதுதான் அது. பிள்ளைகள் படித்து முடித்ததும் ஊரைவிட்டுப் போய்விடும் துயரத்தை அறிந்த பெற்றோர்க்கு அக்கவலையை விளக்க வேண்டியதில்லை.

டேர்மன் புலம்பிக் கொண்டிருக்கவில்லை. தம் மாணவர்களான வில்லியம் ஹியூலெட், டேவிட் பக்கார்ட் என்னும் இருவரையும் சொந்தமாகத் தொழில் தொடங்குமாறு தூண்டினார். பக்கார்ட் கிழக்கே ஒரு பெரிய மின்சார நிறுவனத்தில் வேலையில் இருந்தவர். அவர் திரும்பி வருவதற்கு ஏற்ற உதவிப்பணத்தையும் பேராசிரியரே ஏற்பாடு செய்தார். 1939 ஆம் ஆண்டு, பாலோ ஆல்ட்டோ என்னும் ஊரில் ஒரு வீட்டின் மோட்டார்க் கொட்டகையில், 538 டொலர் மூலதனத்துடன் இருவரும் தொழிலை ஆரம்பித்தனர். ஒலி அதிர்வுகளை உண்டாக்கிச் சோதிக்கும் கருவியே அவர்களுடைய முதற் பொருள். ஏனையோர் 200 டொலருக்கு மேல் விற்ற அத்தகைய கருவியை அவர்கள் 54 டொலர் 40 சதத்துக்கு விற்றனர். சித்திரப்படங்களுக்குப் பேர்பெற்ற வால்ட் டிஸ்னி நிறுவனம் எட்டுக் கருவிகளை வாங்கிற்று.

1951 ஆம் ஆண்டில் பல்கலைக்கழகம் மேலுமொரு காரியத்தைச் செய்தது. அதற்குச் சொந்தமான காணி பல்லாயிரம் ஏக்கர். ஆயினும் அதனை விற்கலாகாது என்பது நிறுவியவர் விதித்த நிபந்தனை. ஆகவே ஒரு பகுதியைக் கைத்தொழிற் பூங்காவாக்கி, விஞ்ஞானத் தொழிலகங்களுக்கு நீண்டகாலக் குத்தகைக்கு விட்டனர். ஆசிரியரும் மாணவரும் தொழிலதிபரும் ஒரே வளவுக்குள் நடமாடத் தொடங்கினர்.

மேதையின் கூடம்

இந்நிலையில் 1956 ஆம் ஆண்டில் வில்லியம் ஷொக்லி என்பவர் அப்பள்ளத்தாக்குக்கு வந்து சேர்ந்தார். டிரான்சிஸ்டரைக் கண்டறிந்த மூவருள் ஒருவராகிய இவருக்கு அவ்வாண்டிலேயே பௌதிகத்துக்கான நோபல் பரிசும் கிடைத்தது. இவருடைய வயது முதிர்ந்த தாயார் பாலோ ஆல்ட்டோவிலே வாழ்ந்து வந்தார். அயலூரான மௌண்டன் வியூவில் ஷொக்லி தமது ஆய்வுகூடத்தை அமைத்து, நாட்டின் பல பாகங்களிலிருந்தும் திறமை மிக்க இளம் விஞ்ஞானிகளைத் தேடிப் பிடித்துச் சேர்த்தார்.

ஆட்களைத் தெரிந்தெடுப்பதில் அவருக்கு இணையானவர் இல்லை. அவர்களை வைத்து நடத்துவதிலோ அவரைப்போற் தவறியவரும் இல்லை. உடன் உழைப்போரை அவர் நம்பவில்லை. கூடத்தில் நேர்ந்த ஒரு சிறு காயத்தைக்கூடச் சதியென ஐயுற்று, பணியாளரைப் பொய்யறியும் கருவியினாற் சோதிக்க முற்பட்டார். சிலிக்கன் டிரான்சிஸ்டரை ஆக்கவேண்டுமென இளைஞர்கள் விரும்ப, அவரோ அதனை ஒதுக்கிவிட்டுத் தம் மனத்துக்குகந்த வேறொரு சாதனத்தில் காலத்தைக் கழித்தார்.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்த எண்மர் 1957 ஆம் ஆண்டு செப்டெம்பரில் ஒருங்கே விலகினர். ரொபேர்ட் நொய்ஸ், கோர்டன் மூர், ஜீன் ஹோர்னி, ஜே லாஸ்ட், ஜூலியஸ் பிளாங்க், விக்டர் கிரினிச், இயூஜின் கிளைனர், ஷெல்டன் ரொபேர்ட்ஸ் என்போரே அவர்கள். ‘துரோகிகள் எண்மர்’ என்று வரலாறு அவர்களுக்குப் பெயரிட்டது.

ஐந்நூறு டொலரும் ஒற்றுமையும்

இவ்விடத்தில் கவனிக்க வேண்டிய ஒன்றுண்டு. சொந்தத் தொழில் தொடங்கும் எண்ணம் முதலில் அவர்களுக்கு இருக்கவில்லை. பிரியாமல் ஒன்றாக உழைக்க ஓரிடத்தில் வேலை கிடைத்தாற் போதும் என்றே எண்ணினர். நியூயோர்க்கிலுள்ள ஒரு பங்குத் தரகு நிலையத்துக்குக் கிளைனர் எழுதிய கடிதத்தின் பொருளும் அதுதான். அக்கடிதம் ஆர்தர் ரொக் என்னும் இளம் உத்தியோகத்தர் கையிற் சேர்ந்தது. “நீங்களே ஒரு நிறுவனத்தை ஏன் தொடங்கக்கூடாது?” என்னும் கருத்தை அவர்கள் மனத்தில் விதைத்தவர் அவரே.

விதைப்பது எளிது, நீர் வார்ப்பது அரிது. முப்பதுக்கு மேற்பட்ட நிறுவனங்களின் வாயில்களை ரொக் தட்டினார். எல்லாம் கையை விரித்தன. இறுதியில் ஷேர்மன் பெயர்சைல்ட் என்னும் செல்வர் இணங்கி, ஏறத்தாழ 14 இலட்சம் டொலர் கடனளித்தார். எண்மரும் தம் பங்கிற்கு ஆளுக்கு 500 டொலர் இட்டனர். பெயர்சைல்ட் குறைகடத்தி நிறுவனம் பிறந்தது. ஐ.பி.எம். நிறுவனம் ஒன்றுக்கு 150 டொலர் வீதம் நூறு டிரான்சிஸ்டர்களை வாங்கி முதல் வாடிக்கையாளராயிற்று.

1959 ஆம் ஆண்டில் ஹோர்னி, சிலிக்கன் தகட்டின் மேற்பரப்பை ஒட்சைட்டுப் படலத்தாற் காத்து, அதனடியில் டிரான்சிஸ்டரைத் தட்டையாக அமைக்கும் முறையை வகுத்தார். அம்முறையை அடிப்படையாகக் கொண்டு, பல உறுப்புக்களை ஒரே தகட்டில் இணைக்கும் ஒருங்கிணைந்த சுற்றினை அதே ஆண்டில் நொய்ஸ் உருவாக்கினார். டெக்சாஸில் ஜாக் கில்பி என்பவர் 1958 ஆம் ஆண்டில் வேறொரு வழியில் இதே இலக்கை அடைந்திருந்தார். ஏவுகணைகளுக்கும், சந்திரனுக்கு மனிதரை அனுப்பிய அப்பலோ திட்டத்துக்கும் அரசாங்கம் இச்சுற்றுக்களை வாங்கிற்று. விலை மலைபோல் இருந்த தொடக்க காலத்தில் தொழிலைத் தாங்கியது அந்தக் கொள்வனவே. தனியார் துணிவு மட்டுமே இப்பள்ளத்தாக்கை ஆக்கிற்று என்பார் இதனை மறந்துவிடுகின்றனர்.

ஒரு மரத்தின் வித்துக்கள்

எண்மரும் அங்கேயே நிலைத்துவிடவில்லை. இலாபம் கிழக்கிலிருந்த தலைமை நிறுவனத்துக்கே போய்ச் சேர்ந்தது. ஆக்கியவர்க்கு அதில் உரிய பங்கு கிட்டவில்லை. 1961 ஆம் ஆண்டில் ஹோர்னியும் லாஸ்டும் ரொபேர்ட்ஸும் விலகி வேறொரு நிறுவனத்தை அமைத்தனர். 1968 ஆம் ஆண்டில் நொய்ஸும் மூரும் விலகி இன்டெல் நிறுவனத்தைத் தொடங்கினர். முன்னர் முப்பது வாயில்களைத் தட்டிய அதே ரொக், இம்முறை 25 இலட்சம் டொலரைச் சில நாட்களுக்குள் திரட்டினார். 1971 ஆம் ஆண்டில் ஒரு கணினியின் மூளையையே ஒரு சிறு சில்லில் அடக்கிய நுண்செயலியை இன்டெல் வெளியிட்டது. கிளைனரோ 1972 ஆம் ஆண்டில், புதிதாகத் தொழில் தொடங்குவோர்க்கு முதலீடு அளிக்கும் நிறுவனமொன்றைப் பங்காளியுடன் நிறுவினார். வேலை கேட்டுக் கடிதம் எழுதியவரே பிறருக்குக் கைகொடுப்பவரானார்.

நேற்று ஒரே மேசையில் உழைத்தவர்கள் இன்று போட்டியாளர்களாயினர். ஆயினும் பேச்சு நிற்கவில்லை. மௌண்டன் வியூவில் ‘வண்டிச் சக்கரம்’ என்று பொருள்படும் பெயருடைய மதுச்சாலை ஒன்றில், பல நிறுவனத்துப் பொறியியலாளரும் மாலையிற் கூடித் தத்தம் சிக்கல்களைப் பேசித் தெளிவது வழக்கமாயிருந்தது. சட்டமும் இவ்வழக்கத்துக்குத் துணை நின்றது. வேலையை விட்டுச் செல்பவர் அதே தொழிலைப் பிறிதோரிடத்திற் செய்யலாகாது எனத் தடுக்கும் ஒப்பந்தங்கள் கலிபோர்ணியாவில் 1872 ஆம் ஆண்டு முதலாகவே பொதுவாகச் செல்லுபடியாவதில்லை.

1975 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், மென்லோ பார்க் என்னும் ஊரிலே கணினிப் பிரியர் சிலர் ஒரு மோட்டார்க் கொட்டகையிற் கூடிக் கழகம் அமைத்தனர். ஹியூலெட்-பக்கார்ட் நிறுவனத்தில் வேலை செய்த ஸ்டீவ் வொஸ்னியாக் என்னும் இளைஞர், தாம் வரைந்த கணினியின் படத்தை அங்கே இலவசமாக வழங்கினார். தமது நிறுவனத்துக்கும் அதனைக் காட்டினார். நிறுவனம் ஏற்க விரும்பவில்லை, ஆனால் தடுக்கவும் இல்லை. 1976 ஆம் ஆண்டில் அப்பிள் நிறுவனம் தோன்றிய வரலாறு இதுவே.

கிழக்கில் நிகழ்ந்தது

எண்மர் விலகிய அதே 1957 ஆம் ஆண்டில், பொஸ்டன் நகருக்கு அருகே கென் ஓல்சனும் அவர் நண்பரும் 70,000 டொலர் முதலீட்டைப் பெற்று டிஜிட்டல் என்னும் கணினி நிறுவனத்தை ஆரம்பித்தனர். பழைய கம்பளி ஆலையொன்றிற் பிறந்த அந்நிறுவனம், ஓர் இலட்சத்துக்கு மேற்பட்டோர் உழைக்கும் பெரும் நிறுவனமாக வளர்ந்தது. ஆயினும் அப்பகுதியின் கம்பனிகள் ஒவ்வொன்றும் மதில் சூழ்ந்த கோட்டையாக இருந்தன. வேண்டிய யாவற்றையும் உள்ளேயே செய்தன, வெளியாருடன் பேச்சில்லை. தனியாள் பயன்படுத்தும் சிறு கணினிகளின் காலம் வந்தபோது அவை காலத்தோடு திரும்ப இயலாமற் தடுமாறின. 1998 ஆம் ஆண்டில் டிஜிட்டல் மற்றொரு நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. இவ்விரு பகுதிகளையும் ஒப்பிட்டு அனலீ சாக்சீனியன் என்னும் அறிஞர் 1994 ஆம் ஆண்டில் எழுதிய நூல் இத்துறையிற் புகழ்பெற்றது.

டேர்மனின் பிற்கால அநுபவமும் இதற்குச் சான்று. 1960 ஆம் ஆண்டுகளில் நியூஜேர்சி மாநிலத்தார் தமக்கும் ஒரு ஸ்டான்போர்ட் வேண்டுமென அவரை அழைத்தனர். பணத்துக்கும் விஞ்ஞானிகளுக்கும் அங்கே குறைவில்லை. ஆனால் பெரிய நிறுவனங்கள் ஒன்றோடொன்று ஒத்துழைக்க மனங்கொள்ளாமையால் முயற்சி கைகூடவில்லை. தென்கொரியாவிலோ அவர் தலைமையில் 1970 ஆம் ஆண்டிற் தயாரித்த அறிக்கையின்படி, மறு ஆண்டே உயர்தர விஞ்ஞானக் கல்விநிலையம் எழுந்து இன்றும் சிறந்து விளங்குகின்றது.

இழந்தவையும் உண்டு

நன்மையை மட்டும் கூறி முடித்தல் நேர்மையாகாது. பழமரங்கள் வெட்டப்பட்டன. தொழிலகங்களில் பயன்பட்ட நச்சுத் திரவங்கள் நிலக்கீழ்த் தாங்கிகளிலிருந்து கசிந்து நீரிற் கலந்தமை 1980 ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் வெளிப்பட்டது. மத்திய அரசு துப்புரவாக்க வேண்டியவையெனப் பட்டியலிட்ட மாசுற்ற இடங்கள், அந்நாட்டின் வேறெந்த மாவட்டத்திலும் இல்லாத அளவுக்கு இம்மாவட்டத்தில் உள்ளன. நுண்சுற்றுக்களைக் கையாற் பொருத்திய தொழிலாளரிற் பலர் வேற்று நாடுகளிலிருந்து குடியேறிய பெண்கள். பங்குகளாற் செல்வரானவர்களின் வரிசையில் அவர்களுக்கு இடம் கிடைக்கவில்லை. இன்று அங்கே ஆசிரியரும் தாதிமாரும் வீடு வாங்க இயலாத அளவுக்கு நிலத்தின் விலை ஏறியிருக்கின்றது.

எனவே அப்பள்ளத்தாக்கினை அப்படியே பெயர்த்துவைக்க எண்ணுவது அறிவுடைமையன்று. எனினும் அதனிடம் கற்கத்தக்கது ஒன்றுண்டு. பூங்காவுக்குக் காணி ஒதுக்கலாம், கட்டடம் எழுப்பலாம், திறப்பு விழாவும் நடத்தலாம். அவற்றினுள் இருப்போர் ஒருவர்க்கொருவர் வாய் திறவாராயின், விலகிச் செல்பவரைத் தூற்றுவாராயின், அங்கே தொழில் பெருகாது.

பிள்ளையொருவர், “இருக்கும் வேலையை விட்டுச் சொந்தமாகத் தொடங்கப் போகின்றேன்” என்று வீட்டில் வந்து சொல்லும்போது பெற்றோர் அஞ்சுவது இயல்பே. அவ்வேளையில் எண்மரை நினைந்து சில கேள்விகளைக் கேட்கலாம். எண்மரும் கைவந்த தொழிலை உடையவராயிருந்தனர். எதனை ஆக்கப் போகின்றோம் என்பதைத் தெளிவாக அறிந்திருந்தனர். தனியே போகாமல் நம்பத்தக்க துணையோடு போயினர். தம் சொந்தப் பணத்திலும் ஒரு பகுதியை இட்டனர். இவை நான்கும் பிள்ளையிடம் உண்டா? உண்டெனின், அந்த முயற்சி ஒருகால் தோற்றுப்போனாலும் கற்ற தொழிலும் சேர்ந்த நண்பரும் எஞ்சியிருப்பர். அத்தகைய பிள்ளையைத் தடுத்து நிறுத்துவதினும், நல்வாக்குச் சொல்லி அனுப்பி வைப்பதே நன்று.