இரண்டு வயதுப் பிள்ளையோடு மைசூர்

பெங்களூரில் வேலை பார்க்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு லீவு என்றால் ஊர்ப் பயணம்தான். கல்யாணம், காதுகுத்து என்று அதிலேயே எல்லாம் தீர்ந்துவிடும். எஞ்சுவது சனி, ஞாயிறு. அதற்கு ஏற்ற ஊர் மைசூர். சுமார் 140 கிலோ மீட்டர். ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு ரயிலில் டிக்கெட் வேண்டாம். தனி இடமும் கிடையாது, மடிதான்.

எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று கிளம்பினால் அவதிதான். சனிக்கிழமைக்கு மிருகக்காட்சி சாலை ஒன்றே போதும். 1892-ல் ஏற்பட்டது. நிழல் உண்டு, ஆனால் நடை அதிகம். ஒட்டகச்சிவிங்கியைப் பார்க்கும்வரை ஓடும் பிள்ளை, பாதி வழியில் "தூக்கு" என்று கையை நீட்டும். அப்பாவும் அம்மாவும் மாற்றி மாற்றிச் சுமக்க வேண்டியதுதான். மதியம் லாட்ஜுக்குத் திரும்பித் தூங்க வைப்பது உத்தமம். தூக்கம் கெட்ட பிள்ளை சாயங்காலத்தைக் கெடுத்துவிடும்.

ஞாயிறு காலை, 1979-ல் அமைந்த ரயில் மியூசியம். பழைய நீராவி எஞ்சின்களைத் தொட்டுப் பார்க்கலாம்.

பெரியவர்களுக்கு ஆசை அரண்மனை. மரத்தாலான பழைய அரண்மனை 1897-ல் எரிந்தபின் எழும்பி, 1912-ல் முடிந்தது இது. உள்ளே செருப்புக்கு இடமில்லை. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் பிள்ளையை இடுப்பிலிருந்து இறக்காமலிருப்பது நல்லது.

அன்று இரவு ஏறத்தாழ ஒரு லட்சம் பல்புகள் எரியும். அதைப் பார்த்துப் புறப்பட்டால் வீடு சேர நடுநிசி. திங்கள் காலை ஷிப்டு உள்ளவர்கள் மாலை ரயிலையே பிடிக்கலாம். லீவு உள்ளவர்கள் இருந்து பார்க்கலாம். பிள்ளை அதற்குள் தோளில் தூங்கியிருக்கும்.