ஒலிப்பதிவுக் கருவியும் இறுதிநிலைப் பயன்பாடும்

1992-இல் வெளிவந்த ‘ரோஜா’வின் இசை, கோடம்பாக்கத்தில் ஏ.ஆர். ரகுமான் தம் வீட்டையொட்டி அமைத்த கூடத்தில் உருவானது. அன்று அதற்குப் பெரும் முதலீடு வேண்டியிருந்தது. இன்று மைக்கிலிருந்து வரும் மின்னலைகளை எண்களாக்கிக் கணினிக்கு அனுப்பும் ‘ஆடியோ இன்டர்ஃபேஸ்’ மேசை மூலையில் அடங்கிவிடுகிறது. புதுச்சேரியில் இளங்கலைஞர் சிலர் தவணைக் கடனில் விலையுயர்ந்ததை வாங்க முனைவதைப் பார்க்கிறேன். பொருளியல் படித்தவன் வாய்திறக்க வேண்டிய இடம் இது.

விளம்பரங்கள் 192 கிலோஹெர்ட்ஸ் என்ற எண்ணை முன்னிறுத்துகின்றன. மனிதச் செவி ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸுக்கு மேல் கேட்பதில்லை. அதைப் பதிவுசெய்ய, நொடிக்கு அதன் இருமடங்கைவிடச் சற்று மிகுதியான மாதிரிகள் போதும். குறுந்தகட்டின் 44,100 என்னும் அளவு இக்கணக்கைத் தழுவியதே. அதற்கு மேல் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் குறைந்து செல் இறுதிநிலைப் பயன்பாட்டு விதியே விடை. ஆனால், 24 பிட் வசதி பயனுடையது: பதிவளவைச் சற்றுத் தாழ்த்தி வைத்தாலும் குரல் இரைச்சலில் மூழ்காது; உச்சத்தில் சிதையவும் செய்யாது.

முதலில் எண்ண வேண்டியது உள்ளீடுகளை. தனிக்குரலுக்கு ஒன்று, மிருதங்கத்தின் இருபுறமும் மைக் வைத்தால் இரண்டு, பாடகரும் உடனிருந்தால் மூன்று. கன்டென்சர் மைக்குக்கு 48 வோல்ட் வழங்கும் வசதி கட்டாயம். பாடும்போதே தம் குரலைத் தாமதமின்றி ஹெட்ஃபோனில் கேட்கவும் இயல வேண்டும்.

மிஞ்சும் பணம் அறைக்கு உரியது. உயர்ந்த கூரையும் வெறுஞ்சுவரும் கொண்ட நம் பழைய வீடுகளில் எதிரொலி மிகுதி. தடித்த திரைச்சீலையும் புத்தக அலமாரியும் அதைக் கணிசமாகத் தணிக்கும். தெரு ஹாரனுக்கு மட்டும் நள்ளிரவே மருந்து.