மயக்கம் கொடுக்கும் நர்ஸ்

நம் சங்கத்துக் குடும்பங்களில் நர்ஸ் உத்தியோகம் பார்க்கும் பெண்கள் பலர். அவர்களுள் அமெரிக்கா செல்ல விரும்புவோரும் உண்டு. அங்குச் சென்ற சிலருக்கு ‘நர்ஸ் அனஸ்தெடிஸ்ட்’ ஆகவேண்டும் என்ற ஆவல் பிறக்கிறது. அறுவை சிகிச்சையின்போது நோயாளிக்கு மயக்க மருந்து கொடுத்து, அவர் கண் விழிக்கும் வரையில் அருகிலிருந்து மூச்சையும் நாடியையும் காக்கும் நர்ஸுக்கே இப்பெயர். நம் நாட்டில் இப்பொறுப்பு டாக்டர்களுடையது. நாமோ நாக்பூரில் ரயில்வே குமாஸ்தா; பத்தாவது தேறியதோடு படிப்பு முடிந்தது; வைத்தியம் அறியோம். ஆயினும் நம் தங்கை இப்படிப்பில் இடம் பெறப் பட்ட பாட்டைக் கூட இருந்து அறிந்தோம். அது பிறருக்கும் பயன்படட்டும் என்றே இதை எழுதுகிறோம்.

1846 அக்டோபர் 16ஆம் நாள் பாஸ்டன் நகர ஆஸ்பத்திரியொன்றில் ஈதர் கொடுத்து வலியின்றி அறுவை செய்து காட்டினார்கள். மயக்கம் கொடுப்பதற்கென்றே ஒருவர் வேண்டும், அவர் கவனம் வேறெதிலும் சிதறக்கூடாது என்பது பின்னரே புலனாயிற்று. 1877இல் பென்ஸில்வேனியாவின் ஈரி நகரில் ஸிஸ்டர் மேரி பெர்னார்டு என்ற கன்னிகை இப்பணியை ஏற்றார். மின்னஸோட்டாவின் மேயோ சகோதரர்களிடம் பணிபுரிந்த ஆலிஸ் மகா என்ற நர்ஸ், 14,000க்கு மேற்பட்டோருக்கு மயக்கம் கொடுத்தும் அதனால் ஓர் உயிரும் போகவில்லை என்று 1906இல் கணக்கு வெளியிட்டார். கிளீவ்லாந்தில் இதற்கெனப் பள்ளியை நடத்திய அகதா ஹாட்ஜின்ஸ் 1931இல் நர்ஸுகளின் சங்கத்தைத் தொடங்கினார். நர்ஸ் மயக்கம் கொடுப்பது சட்டவிரோதம் என்று தொடுத்த வழக்கைக் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் 1936இல் தள்ளியது. ஆகவே இது நேற்று முளைத்த உத்தியோகம் அன்று.

நம் தங்கை பி.எஸ்ஸி. நர்ஸிங் முடித்து, இங்குள்ள ஆஸ்பத்திரி ஒன்றின் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஆறு ஆண்டுகள் பணியாற்றியவள். மணமாகிக் கணவர் இருக்கும் ஓஹையோ மாநிலத்துக்குப் புறப்படும் வேளையில் ஒரு தரகர் வந்தார். “ஆறு வருஷ ஐ.ஸி.யு. அனுபவம் இருக்கிறதே! நேரே அனஸ்தீஸியா பள்ளியில் சேர்த்துவிடலாம்” என்றார். முன்பணமாக ஐம்பதாயிரம் ரூபாய் கொடுத்தோம். அத்தொகை திரும்பவில்லை, தரகரும் திரும்பவில்லை.

உண்மை நிலை இதுதான். முதலில் இந்தியப் பட்டத்தை அங்குள்ளோர் மதிப்பிட வேண்டும். பின்னர் ‘என்கிளெக்ஸ்’ தேர்வில் தேறி, மாநிலத்தின் பதிவு பெற்ற நர்ஸ் உரிமம் வாங்க வேண்டும். அதன்பின் தீவிர சிகிச்சைப் பிரிவில் குறைந்தது ஓராண்டு முழுநேரப் பணி செய்திருக்க வேண்டும். இந்த அனுபவம் அமெரிக்க மண்ணிலோ, அந்நாட்டு ராணுவ ஆஸ்பத்திரியிலோ பெற்றதாக இருக்க வேண்டும் என்பது விதி. நாக்பூரில் உறக்கமின்றிக் கழித்த ஆறு ஆண்டுகள் அறிவாகப் பயன்பட்டனவே தவிரக் கணக்கில் வரவில்லை. இதை அறிந்த இரவு தங்கை போனில் வெகு நேரம் பேசவேயில்லை.

விதி ஓராண்டு என்றாலும் பள்ளிகள் பல இரண்டு, மூன்று ஆண்டுகளை விரும்புகின்றன. செயற்கைச் சுவாசக் கருவியில் உள்ளவர்கள், ரத்த அழுத்தத்தை நிலைநிறுத்தும் மருந்துகள் இடைவிடாது ஏறுபவர்கள் ஆகியோரைக் கவனித்திருக்க வேண்டும். ‘ஸி.ஸி.ஆர்.என்.’ என்னும் தீவிர சிகிச்சைச் சான்றிதழ் இருந்தால் மதிப்பு கூடும். நான்குக்கு மூன்று என்ற அளவுக்குக் குறையாத சராசரி மதிப்பெண்ணைப் பெரும்பாலும் கேட்கிறார்கள். பழைய மதிப்பெண் குறைவானால் ரசாயனம், புள்ளியியல் போன்ற பாடங்களை அங்கொரு கல்லூரியில் மறுபடி படித்துக் காட்டலாம். நம் தங்கை அவ்வாறே செய்தாள். நர்ஸ் அனஸ்தெடிஸ்ட் ஒருவருடன் சில நாட்கள் கூட இருந்து வேலையைப் பார்த்துவருவதும் விண்ணப்பத்துக்கு வலிமை.

இவ்வளவும் செய்து முதன்முறை நேர்முகத் தேர்வுக்குச் சென்றவள் இடமின்றித் திரும்பினாள். நோயாளியின் அழுத்தம் விழுந்தால் எம்மருந்தை ஏற்ற வேண்டும் என்று கேட்டார்கள், சரியாகச் சொன்னாள். அம்மருந்து உடலில் எதைத் தொட்டு அழுத்தத்தை உயர்த்துகிறது என்று கேட்டார்கள், தடுமாறினாள். “அண்ணா, இத்தனை நாள் டாக்டர் சொன்னதைச் செய்தேன். ஏன் என்று கேட்கவில்லை” என்றாள். கொடி காட்டத் தெரிந்தவனெல்லாம் ஸ்டேஷன் மாஸ்டர் ஆவதில்லை. எந்த வண்டியை ஏன் நிறுத்துகிறோம் என்று அறிந்திருக்க வேண்டும். அடுத்த ஓராண்டு, தான் தொடும் ஒவ்வொரு மருந்துக்கும் காரணத்தை நோட்டுப் புத்தகத்தில் எழுதினாள். இரண்டாம் முறை இடம் கிடைத்தது.

அப்போதுதான் நமக்குச் சோதனை வந்தது. 2022 முதல் இப்படிப்பில் சேர்வோர் அனைவரும் டாக்டர் பட்டத்துக்கே படிக்க வேண்டும். குறைந்தது மூன்று ஆண்டுகள். அக்காலத்தில் இரண்டாயிரம் மணி நேரத்துக்குக் குறையாத ஆஸ்பத்திரிப் பயிற்சியும் உண்டு. வேலை பார்த்துக்கொண்டே படிப்பது இயலாத காரியம். செலவோ ஒரு லட்சம் டாலரைத் தாண்டுவது சகஜம். படிப்பு முடிந்து, தேசியத் தேர்வில் தேறினால் ஆண்டுச் சம்பளம் சராசரியாக இரண்டு லட்சம் டாலருக்கு மேல் என்பது உண்மையே. ஆனால் அது மூன்றாண்டுகளுக்கு அப்பால் உள்ள உண்மை.

ஊரில் நாம் கட்டிய வீட்டின் கடனுக்குத் தங்கை மாதந்தோறும் பணம் அனுப்பி வந்தாள். “மூன்று வருஷம் அனுப்ப முடியாதே அண்ணா. வீட்டுக் கடன் குறைந்த பிறகு சேரட்டுமா?” என்று கேட்டாள். கிடைத்த இடம் மறுபடி கிடைக்கும் என்பதற்கு உறுதியில்லை. அதை அறிந்தும் நாம் உடனே பதில் சொல்லவில்லை. வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறோம், மனத்துக்குள் தவணையைக் கணக்கிட்டுக்கொண்டிருந்தோம். அருகிலிருந்த அம்மா, “அவள் சம்பளத்தை நம்பியா நீ வீடு கட்டினாய்?” என்று ஒரே வார்த்தை கேட்டார். மறுநாள் பாங்குக்குச் சென்று தவணைக் காலத்தை நீட்டித்து வந்தோம். வீட்டின் மாடியை வாடகைக்கு விட்டோம். அதன்பின் தங்கைக்குப் போன் செய்து, “சேர்ந்துகொள்” என்றோம்.

பெண்ணை நர்ஸ் படிப்புக்கு அனுப்பியுள்ள பெற்றோருக்கும் அண்ணன்மாருக்கும் ஒரு வார்த்தை. தரகருக்கு முன்பணம் கொடாதீர்கள். ஒவ்வொரு பள்ளியும் தன் நிபந்தனைகளைத் தானே வெளியிடுகிறது, விண்ணப்பம் செய்பவளே படித்து அறியலாம். கல்லூரி நாளிலேயே ரசாயனத்தையும் உடலியலையும் அலட்சியம் செய்யாதிருக்கச் சொல்லுங்கள். அவள் அனுப்பும் பணத்தைக் குடும்பத்தின் நிரந்தர வருமானமாக எண்ணிவிடாதீர்கள். அவள் மேலே படிக்கிறேன் என்று சொல்லும் நாளில், நாம் தயங்கியதுபோல் நீங்கள் தயங்க நேராதிருக்கட்டும்.