வெயில் இறங்காத மாடி

சித்திரை மாதத்து இரவு, பத்து மணி. மேல்மாடி அறையில் மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஸ்டூல் போட்டு ஏறி, கூரையின் அடிப்பக்கத்தில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். அடுப்பிலிருந்து இறக்கி வைத்த தோசைக்கல்லின் மிச்சச் சூடு போல ஒரு வெதுவெதுப்பு தெரியும். வெளியே கடற்காற்று வந்து நெடுநேரம் ஆகியிருக்கும். கான்கிரீட் மட்டும் பகலில் குடித்த வெயிலைக் கொஞ்சம் கொஞ்சமாக அறைக்குள் இறக்கிக்கொண்டிருக்கும்.

நாற்பது ஆண்டுக்கு முன் கட்டிய சென்னை வீடுகள் பலவற்றில் கான்கிரீட்டின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, அதன்மேல் தட்டோடு பதித்திருப்பார்கள். நல்ல ஏற்பாடு அது. ஜல்லியின் நுண்துளைகளில் அடைபட்ட காற்றுதான் வெயிலைத் தடுத்தது. காலப்போக்கில் ஓட்டின் இணைப்புகள் விட்டுப்போய் மழைநீர் இறங்கினால், அதே துளைகளில் காற்றுக்குப் பதில் தண்ணீர் நிற்கும். அசையாத காற்றைவிடத் தண்ணீர் இருபது மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்தும். கொத்தனார் கரண்டிக் காம்பால் ஓடு ஓடாகத் தட்டிக்கொண்டே போவதைக் கவனியுங்கள். பிடிப்பு விட்ட ஓட்டில் சத்தம் பொள்ளென்று மாறும்.

அடைபட்ட காற்றின் அருமை சென்னைக்குப் புதிதல்ல. கடற்கரையில் 1842-ல் கட்டிய ஐஸ் ஹவுஸுக்கு அமெரிக்காவின் பாஸ்டனிலிருந்து கப்பலில் பனிக்கட்டி வந்தது. மாதக்கணக்கான வெயில் பயணத்தில் அதைக் காப்பாற்றியது மரத்தூள். தூளுக்கு இடையே நகர முடியாமல் நின்ற காற்று என்று சொன்னால் இன்னும் சரி.

இன்றைய தெர்மோகோலும் அதே வேலையைத்தான் செய்கிறது. 5 செ.மீ. தெர்மோகோல் தடுக்கும் வெப்பத்தைக் கான்கிரீட்டால் தடுக்க ஏறக்குறைய 2 மீட்டர் கனம் வேண்டும்! ஆனால் மொட்டைமாடிக்குச் சாதாரண தெர்மோகோல் வேண்டாம், அது ஈரத்தை உள்ளே விடும். கண்ணறைகள் மூடிய, அழுத்தம் தாங்கும் எக்ஸ்.பி.எஸ். பலகைதான் ஏற்றது.

பலகையை எங்கே வைப்பது? பலரும் அறைக்குள் ஃபால்ஸ் சீலிங் போட்டு அதன்மேல் வைக்கிறார்கள். அறை ஓரளவு குளிரும்தான். ஆனால் கான்கிரீட் தினமும் காய்ந்து விரிந்து, இரவில் சுருங்கிக்கொண்டே இருக்கும். மேல்மாடிச் சுவரில் கூரையை ஒட்டிப் படுக்கைவாட்டில் ஓடும் விரிசலுக்கு இது ஒரு முக்கியக் காரணம். பலகை கூரைக்கு மேலே இருந்தால் வெயில் கான்கிரீட்டையே எட்டாது, விரிசலும் அடங்கும். அதனால்தான் ஒழுகலுக்காகப் பழைய ஓட்டைப் பெயர்க்கும் அந்தச் சில நாட்களை விட்டுவிடாதீர்கள் என்கிறேன். பெயர்த்தபின் வாட்டம் சரிசெய்து, நீர்த்தடுப்புப் பூச்சு அடித்து, தண்ணீர் கட்டிச் சோதித்து, பிறகு பலகை, அதன்மேல் காரை, கடைசியில் வெள்ளை ஓடு. வெள்ளை நிறம் வெயிலில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும், தூசி படியாமல் கழுவி வந்தால்.

பணம் இப்போது போதவில்லையென்றால் வெள்ளைப் பூச்சு மட்டுமாவது அடித்துவிடுங்கள். செலவு குறைவு, பலன் அந்தக் கோடையிலேயே தெரியும்.

பலகை வாங்கும் முன் ஒன்றை அளந்துவிடுங்கள். பலகையும் காரையும் ஓடும் சேர்ந்து மாடித் தரையை நான்கைந்து அங்குலம் உயர்த்தும். படிக்கட்டு அறைக் கதவின் நிலைப்படி அதைவிடத் தாழ்வாக இருந்தால், ஐப்பசி மழை நேராகப் படியிறங்கி வீட்டுக்குள் வரும்.