வேலிக் குழையும் கால்நடைகளின் நலமும்

மீள்குடியேறிய குடும்பங்கள் பலவற்றுக்கு வாழ்வாதார உதவியாக ஆடுகளோ, கறவைப் பசுவோ, கோழிக்குஞ்சுகளோ கிடைத்திருக்கும். சிலர் கட்டாக்காலியாகத் திரிந்த தமது மாடுகளைக் குறிபார்த்துப் பிடித்துக் கொண்டுவந்திருப்பீர்கள். எப்படி வந்தாலும், இன்று பல வீடுகளில் அவைதான் கையிருப்பு. பால் விற்ற காசு பிள்ளையின் கொப்பிக்குப் போகிறது. ஒரு மறியாடு செத்தால் அடுத்த ஈற்றும் சேர்ந்து போய்விடும்.

புண்ணாக்கும் விலை, மருந்தும் விலை. ஆகவே, 'வேப்பிலை கொடுத்தால் பூச்சி விழும்', 'குழை போட்டால் போதும், வேறொன்றும் வேண்டாம்' என்று அயலவர் சொல்வதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். இவற்றில் எது பயன் தரும், எது தராது என்பதைக் கால்நடை ஆய்வுகளின் துணையுடன் இங்கே விளக்குகிறோம். சுருக்கமாகச் சொன்னால், உங்கள் வேலியில் உள்ள குழை நல்ல தீன். ஆனால் அதை மருந்தாக நம்பிக் காத்திருந்தால் ஆட்டை இழக்க நேரிடும்.

குழையில் என்ன இருக்கிறது?

வைக்கோல் வயிற்றை நிரப்பும். ஆனால் அதில் புரதம் மிகக் குறைவு. உலர்ந்த நிறையில் ஏறத்தாழ 4 வீதம் மட்டுமே. சீமைக்கிளுவை என்று நாம் சொல்லும் கிளிசரியாவின் இலையில் இது 20 வீதத்துக்கும் அதிகம். இப்பில் இப்பில் இலையும் அவ்வாறே. வைக்கோலும் காய்ந்த புல்லும் மட்டும் தின்னும் மாட்டுக்கோ ஆட்டுக்கோ இந்த இலைகளைச் சேர்த்துக் கொடுத்தால், இரைப்பையில் உள்ள நுண்ணுயிர்கள் பெருகி வைக்கோலையும் நன்றாகச் செரிக்கச் செய்யும். பால் கூடும், குட்டிகள் விரைவாக வளரும்.

மாரி மழை தொடங்கும்போது சீமைக்கிளுவைக் கதியால்களை நட்டுவிடுங்கள். அவை வேரூன்றி வளர்ந்த பின்னர் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை குழை வெட்டலாம். வெட்டிவரும் மரம் கோடையிலும் பச்சைக் குழை தரும்.

அளவு ஏன் முக்கியம்?

இயற்கையானது என்பதால் எல்லாமே தீங்கற்றவை ஆகிவிடாது. சீமைக்கிளுவையின் தாயகமான மத்திய அமெரிக்காவில் அந்த மரத்துக்கு 'எலிக்கொல்லி' என்று பொருள்படும் பெயர் உண்டு. அதன் விதையும் பட்டையும் அங்கே எலிகளுக்கு நஞ்சாகப் பயன்பட்டன. அசைபோடும் ஆடு மாடுகள் அதன் இலையைத் தாங்கிக்கொள்ளும். கோழிகளுக்கு அதைக் கொடுக்க வேண்டாம். பூஞ்சணம் பிடித்த குழையை எந்தக் கால்நடைக்கும் போடாதீர்கள்.

இப்பில் இப்பில் இலையில் மிமோசின் என்ற நஞ்சு உண்டு. அதிகம் தின்றால் மயிர் உதிரும், எச்சில் வடியும், கழுத்துச் சுரப்பி வீங்கும். அவுஸ்திரேலியாவில் மாடுகள் இவ்வாறு பாதிக்கப்பட்டபோது, ஹவாய்த் தீவு ஆடுகள் அதே இலையைத் தின்றும் நலமாக இருப்பதை ஆய்வாளர் ரேமண்ட் ஜோன்ஸ் கவனித்தார். அந்த ஆடுகளின் இரைப்பையில் இருந்த ஒருவகை பக்ரீரியாவே நஞ்சை உடைக்கிறது என்பது 1980களில் தெரியவந்தது. எல்லாக் கால்நடைகளின் இரைப்பையிலும் அது போதிய அளவு இருக்கும் என்று எண்ண முடியாது. ஆகவே சிறிது சிறிதாகப் பழக்குங்கள்.

சீமைக்கிளுவையோ இப்பில் இப்பிலோ, மொத்தத் தீனில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம். 20 கிலோ நிறையுள்ள ஆடு நாளொன்றுக்கு ஏறத்தாழ 3 கிலோ பச்சைத்தீன் தின்னும். அதில் 1 கிலோ வரை இந்தக் குழையாக இருக்கலாம். சீமைக்கிளுவையின் மணம் பிடிக்காத ஆடுகள் முதலில் முகத்தைத் திருப்பும். சில மணிநேரம் வாடவிட்டுப் போட்டால் தின்னப் பழகும்.

பூச்சிக்கு இலை போதுமா?

வளர்ச்சிக்காகத் தீனில் அன்ரிபயோற்றிக் கலப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006 சனவரி 1 முதல் முற்றாகத் தடைசெய்தது. மருந்துக்கு அடங்காத நோய்க்கிருமிகள் பெருகிவருவதே இதற்குக் காரணம். குடற்பூச்சிகளும் இவ்வாறே பல மருந்துகளுக்கு அடங்காமல் போகின்றன. இதனால் மூலிகைகள் பற்றிய ஆய்வுகள் உலகெங்கும் அதிகரித்துள்ளன.

வேப்பிலை பற்றிய முடிவுகள் ஒன்றுக்கொன்று மாறுபடுகின்றன. சில ஆய்வுகளில் பூச்சி குறைந்தது. சிலவற்றில் எந்த மாற்றமும் இல்லை. கம்போடியாவில் மரவள்ளி இலை தின்ற ஆடுகளின் புழுக்கையில் பூச்சி முட்டைகள் குறைந்தன. ஆனால் பூச்சி முற்றாக ஒழியவில்லை. மரவள்ளி இலையைப் பச்சையாகக் கொடுப்பது ஆபத்து. நறுக்கி, வெயிலில் நன்றாக உலர்த்திக் கொடுங்கள்.

புரதம் போதிய அளவு கிடைக்கும் ஆடு பூச்சியின் பாதிப்பைக் கூடுதலாகத் தாங்கும் என்பது உறுதியாகத் தெரிந்த விடயம். குழையின் பெரிய பயன் இதுவே. உடலில் பூச்சி மிகுந்துவிட்டால் மருந்துதான் வேண்டும்.

கண் இமையைப் பாருங்கள்

ஆட்டுக்கு மருந்து தேவையா என்பதை அறிய எளிய வழி ஒன்று தென்னாபிரிக்காவில் 1990களில் உருவாக்கப்பட்டது. ஆட்டின் கீழ்க் கண்ணிமையை மெதுவாக இழுத்து உட்புறத்தைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். சிவப்பாக இருந்தால் நல்லது. வெளிறிய இளஞ்சிவப்பு என்றால் கவனிக்க வேண்டும். வெள்ளையாக இருந்தால், இரத்தம் குடிக்கும் பூச்சி வயிற்றில் மிகுந்திருக்கக்கூடும். தாடையின் கீழே வீக்கம் காண்பதும் இதன் அறிகுறியாகலாம். அன்றே கால்நடை வைத்தியரிடம் காட்டுங்கள்.

ஆட்டின் நிறையைச் சொல்லி மருந்தின் அளவைக் கேளுங்கள். சினையாடு என்றால் அதையும் சொல்லுங்கள். ஒரு ஆட்டுக்குரிய மருந்தை இரண்டு ஆடுகளுக்குப் பிரித்துக் கொடுக்காதீர்கள். பூச்சி சாகாது, மருந்துக்குப் பழகிவிடும். மருந்து கொடுத்தபின் எத்தனை நாள் பாலைத் தவிர்க்க வேண்டும் என்பதையும் கேட்டறியுங்கள்.

எந்த இலையும் தடுக்காத நோய்கள்

மாடுகளுக்கு வரும் கால்-வாய் நோயையும், கோழிகளுக்கு வரும் இராணிக்கெட் நோயையும் எந்த மூலிகையும் தடுக்காது. தடுப்பூசி ஒன்றே வழி. மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசிக்கொண்டு நாட்களைக் கடத்தினால் நோய் அயல் வீட்டுப் பட்டிக்கும் பரவிவிடும். தடுப்பூசி போடும் நாளை உங்கள் பிரிவிலுள்ள அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

குழை வெட்டப் போகும்போது

உங்கள் சொந்த வேலியிலும், கண்ணிவெடி அகற்றப்பட்டதாக உறுதிசெய்யப்பட்ட காணியிலும் மட்டுமே குழை வெட்டுங்கள். பற்றை மூடிய காணிகளுக்கும், சிவப்பு அடையாளமிட்ட இடங்களுக்கும் செல்ல வேண்டாம். சிறுவர்களை அங்கே ஆடு மேய்க்க அனுப்ப வேண்டாம். ஆடு உள்ளே போய்விட்டால் பின்னால் போகாதீர்கள்; வெளியே நின்று கூப்பிடுங்கள். சந்தேகமான பொருள் எதையும் கண்டால் தொடாமல், வந்த வழியே திரும்பி, கிராம அலுவலருக்கு அறிவியுங்கள். போன ஆட்டுக்குப் பதிலாக இன்னொரு ஆடு வாங்கலாம்.