அவருக்கு எத்தனை டயலாக்?

அமெச்சூர் நாடகக் குழுவில் ஸ்க்ரிப்ட் கைக்கு வந்ததும் யாரும் முதலில் கதையைப் படிப்பதில்லை. தனக்கு எத்தனை டயலாக் என்று எண்ணுவார்கள். எங்கள் குழுவும் விதிவிலக்கல்ல. பாங்க், இன்ஷூரன்ஸ், செக்ரடேரியட், கூரியர் கம்பெனி என்று பல ஆபீஸ்களிலிருந்து சனிக்கிழமை சாயங்காலம் மாம்பலத்தில் ஒரு மொட்டை மாடியில் கூடுகிற பதினோரு பேர். ஸ்க்ரிப்ட் எழுதுவது அடியேன்.

எண்ணி முடித்த கூரியர் நண்பர் (இந்த முறை ஹீரோ அவர்தான்) கையைத் தூக்கினார்.

"சார், தாசில்தாருக்கு முப்பத்தொண்ணு. அண்ணிக்கு இருபத்தாறு. டீக்கடைக்காரருக்குக்கூட நாலு இருக்கு. எனக்கு ஸீரோ. ஜெராக்ஸ்ல விட்டுப்போச்சா?"

"இல்லைய்யா. நீதான்யா நாடகமே! நடுவுல உக்காந்திருப்ப. எல்லாரும் உன்னைப் பத்தியேதான் பேசுவாங்க."

"அப்ப மனப்பாடம் பண்ண வேணாம்?"

"வேணாம்."

"ரொம்ப சந்தோஷம் சார்" என்று உட்கார்ந்துவிட்டார். எல்லாரும் சிரித்தோம். எதற்குச் சிரித்தோம் என்று எனக்குப் புரிய மூன்று வாரம் பிடித்தது.

நாடகத்தின் பெயர் 'கைநாட்டு'. நாற்பத்திரண்டு வயசு மனிதர் ஒருவர். புத்தி வளர்ச்சி குறைவு. அப்பா காலமாகிவிட்டார். வீட்டில் பாதி இவர் பங்கு. அந்தப் பாதிக்காக இவருடைய கட்டை விரலைத் தேடி அலைகிறது குடும்பம். வயசான அம்மாவோ பென்ஷனுக்காகத் தாலுகா ஆபீஸுக்கு அலைகிறாள். மேடையில் பின்னால் ஒரு சுவர் - எங்கள் ஆபீஸ்களில் ஜெராக்ஸ் பேப்பர் வந்திறங்கிய காலி அட்டைப்பெட்டிகள் நாற்பது. ஒவ்வொன்றும் ஓர் உரிமை. ஒவ்வொரு ஸீனிலும் யாராவது ஒருவர் மிக மரியாதையாக ஒரு பெட்டியை உருவிக்கொண்டு போவார். "ஒண்ணே ஒண்ணுதான் சார். உக்கார ஸ்டூல் இல்ல." கடைசி ஸீனில் சுவரே இருக்காது. அரசியல் நாடகம் எழுதியாச்சு என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

(பெட்டிகளில் எழுதித் தந்த ஆர்ட்டிஸ்ட் நாற்பதிலும் 'உறிமை' என்று எழுதிக்கொண்டு வந்துவிட்டார். "உறிக்கிறதைத்தானே காட்டப் போறோம், இருக்கட்டும்" என்றார் டைரக்டர். அவர் ஒரு ரிடையர்ட் யூனியன்காரர். எதிலும் அர்த்தம் கண்டுபிடித்துவிடுவார்.)

பெட்டி உருவுகிற விஷயம் என் கற்பனை இல்லை. 2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது சக்கர நாற்காலிக்கும் 5 சதவிகிதம் வரி போட்டார்கள். நடக்க முடியாதவர் நகர்வதற்கு வரி! மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ல் வந்தது. ஒருவரை வேண்டுமென்றே பொது இடத்தில் அவமானப்படுத்தினால் ஆறு மாதம் முதல் ஐந்து வருஷம் வரை சிறை என்கிறது அதன் 92-வது பிரிவு. 2020 ஜூலையில், ஊரே கொரோனாவில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, இந்தப் பிரிவின் பல்லைக் கொஞ்சம் ராவலாமா என்று டெல்லியில் ஒரு யோசனை கிளம்பியது. கருத்துச் சொல்ல சில நாட்கள்தான் அவகாசம். மாற்றுத் திறனாளி அமைப்புகள் போட்ட சத்தத்தில் யோசனை வாபஸ். அந்தப் பெட்டி மட்டும் திரும்பி வந்தது.

இதையெல்லாம் எழுத ஆரம்பித்தது ஏர்வாடியால். 2001 ஆகஸ்ட் 6, விடியற்காலை. ராமநாதபுரம் மாவட்டத்தில் தர்காவுக்குப் பக்கத்தில் கீற்றுக் கொட்டகை போட்டு நடத்திய ஒரு மனநலக் காப்பகத்தில் தீ. ஓட முடியவில்லை. சங்கிலி. 28 பேர் இறந்து போனார்கள். சுப்ரீம் கோர்ட் தானாகவே கேஸை எடுத்துக்கொண்டு எல்லா மாநிலங்களையும் கேள்வி கேட்டது. எந்த விதத்திலும் யாரையும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 95-வது பிரிவில் அச்சேறியது 2017-ல். நடுவில் பதினாறு வருஷம்.

இவ்வளவு படித்த நான் முதல் டிராஃப்டில் என்ன செய்திருந்தேன் தெரியுமா? 'கீழ்ப்பாக்கம்' ஜோக் எட்டு வைத்திருந்தேன். அண்ணிக்கு மூன்று, டீக்கடைக்காரருக்கு இரண்டு, பாக்கி பரவலாக. ஜனங்கள் சிரிக்க வேண்டுமே! 1794-ல் சென்னையில் ஆரம்பித்து, பிற்பாடு கீழ்ப்பாக்கத்துக்கு வந்த ஓர் ஆஸ்பத்திரி. லட்சக்கணக்கான குடும்பங்கள் கண்ணீரோடு ஏறி இறங்கிய படி. நமக்கு அது சினிமா காமெடி டிராக். சிரிப்புத் துணுக்கு எழுதிப் பிழைக்கிற கூட்டத்தில் நானும் ஒருத்தன். நானும் அனுப்பியிருக்கிறேன், சன்மானமும் வாங்கியிருக்கிறேன்.

இரண்டாவது ரிகர்ஸலில் லைட்டிங் நண்பர் - இன்ஷூரன்ஸ்காரர், மாசத்துக்கு மொத்தம் நாலு வாக்கியம் பேசுகிறவர் - என்னைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் தனியாகக் கூப்பிட்டார்.

"சார், தப்பா நினைக்காதீங்க. ரெண்டு விஷயத்தைப் போட்டுக் குழப்பிட்டீங்க. மனநோய் வேற, புத்தி வளர்ச்சிக் குறைவு வேற. நீங்க ஸ்க்ரிப்ட்ல கோட் பண்ற 2017 சட்டமே இது மனநோய் இல்லன்னு சொல்லுது. உங்க ஹீரோவுக்கு 2016 சட்டம். அப்புறம் 1999 நேஷனல் டிரஸ்ட் சட்டம். கார்டியன் போடறதுக்குக் கலெக்டர் தலைமையில கமிட்டி இருக்கு."

"உங்களுக்கு எப்படி சார் இதெல்லாம்...?"

"எங்க அண்ணா" என்றார்.

ஆறு வருஷமாக ஒரே மொட்டை மாடியில் பஜ்ஜி தின்கிறோம். அவருக்கு ஓர் அண்ணன் இருப்பது யாருக்கும் தெரியாது.

மின்சார ரயிலில் சட்டத்தை மறுபடி படித்தேன். 2016 சட்டத்தின் 13-வது பிரிவு எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மாற்றுத் திறனாளிக்கும் மற்றவர்களைப் போலவே சொத்து வைத்துக்கொள்ள, வாரிசாகப் பெற, தன் பணத்தைத் தானே நிர்வகிக்க உரிமை உண்டு. துணைக்கு ஒருவர் இருக்கலாம். ஆனால், ஒரு சொத்து விவகாரத்தில் துணையாக இருப்பவரின் நலனும் இவரின் நலனும் மோதினால், அந்த விவகாரத்தில் மட்டும் அவர் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். ரத்த சம்பந்தம் என்பதற்காக மட்டும் மோதல் இருப்பதாக நினைக்கக் கூடாது என்றும் அதிலேயே இருக்கிறது. அண்ணன் தம்பியைச் சந்தேகப்படவில்லை சட்டம். பத்திரத்தைத்தான் சந்தேகப்படுகிறது. கார்டியனைப் பற்றிய அடுத்த பிரிவும், அவர் தன்னிச்சையாக முடிவு எடுக்காமல் இவரோடு கலந்தே எடுக்க வேண்டும் என்கிறது. ஆக, எங்கே சுற்றினாலும் சட்டம் ஒரே இடத்தில் வந்து நிற்கிறது: அவரைக் கேட்டாயா?

என் ஸ்க்ரிப்டில் யாரும் கேட்கவில்லை. எழுதின நானும் கேட்கவில்லை. டயலாக் ஸீரோ.

மூன்றாவது சனிக்கிழமை லைட்டிங் நண்பர் அண்ணனை அழைத்து வந்தார். அம்மா கல்யாணத்துக்குப் போயிருந்தார்களாம், வீட்டில் ஆளில்லை. நாற்பத்தைந்து வயசு இருக்கும். கட்டம் போட்ட சட்டை, வழுக்கையாக வாரிய தலை, மேல் பாக்கெட்டில் சீசன் டிக்கெட் கவர். பெஞ்சில் உட்கார்ந்து மிளகாய் பஜ்ஜியில் மிளகாயை மட்டும் எடுத்துத் தனியாக வைத்துவிட்டுச் சாப்பிட்டார்.

நாலாவது ஸீன் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா, அண்ணன், அண்ணி, மாமா எல்லாரும் ஹீரோவைச் சுற்றி நின்று 'ஹோமில்' சேர்ப்பதைப் பற்றி விவாதிக்கிற காட்சி. "அங்க விட்டா நிம்மதியா இருப்பான்" என்கிறாள் அண்ணி. "அவனுக்கு எல்லா இடமும் ஒண்ணுதான்" என்கிறார் மாமா.

பெஞ்சிலிருந்து சத்தமாக ஒரு குரல்.

"டி.வி. இருக்கிற ரூம்தான் வேணும்!"

எல்லாரும் சிரித்துவிட்டோம். அவரும் சிரித்தார். லைட்டிங் நண்பர் மட்டும் சிரிக்கவில்லை. கையிலிருந்த டார்ச்சை அணைத்து அணைத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

ரிகர்ஸல் முடிந்து டீக்கடையில் சொன்னார். அம்மாவுக்கு எழுபத்தாறு. போன வருஷம் பாத்ரூமில் விழுந்ததிலிருந்து முடியவில்லை. இவருக்கு இரண்டு பெண்கள், வாடகை வீடு, எப்போது வேண்டுமானாலும் டிரான்ஸ்ஃபர். ஊருக்கு வெளியே ஓர் இல்லம் பார்த்து, மச்சானோடு போய் அட்வான்ஸும் கட்டிவிட்டார். அடுத்த மாசம் ஒண்ணாம் தேதி சேர்க்க வேண்டும். அண்ணனிடம் 'டூர்' என்று சொல்லி அழைத்துப்போவதாக ஏற்பாடு.

"உங்க நாடகத்துல நான்தான் சார் வில்லன்" என்றார்.

"ச்சே ச்சே..." என்றேன். அதற்கு மேல் என்ன சொல்வது என்று தெரியவில்லை. அவர் வில்லனே இல்லை. என் நாடகத்தில்தான் அப்படி ஓர் ஆளுக்கு இடமில்லை. என் அண்ணி, மாமா எல்லாரும் நாக்கைச் சப்புக்கொட்டுகிற வில்லன்கள். பென்ஷனில் மத்திய அரசின் பங்கை 2012-ல் மாதம் 300 ரூபாய் ஆக்கினார்கள் - அதுவும் வறுமைக்கோட்டுக்குக் கீழே இருந்து, 80 சதவிகிதம் ஊனம் என்று சர்ட்டிஃபிகேட்டும் இருந்தால். மாநில அரசு மேலே போட்டுத் தருகிறது. இதை வைத்துக்கொண்டு ஓர் ஆளைப் பகல் நேரம் பார்த்துக்கொள்ள யாரை வைப்பது? வீட்டிலிருக்கிற பெண்ணைத்தான். அவள் விழுந்தால்? நாற்பது பெட்டியில் 'பகலில் அம்மாவுக்கு ஒரு துணை' என்று ஒரு பெட்டி வைக்க எனக்குத் தோன்றவில்லை பாருங்கள்.

மறுபடி எழுத உட்கார்ந்தேன். முதல் தடங்கல் எங்கே வந்தது என்றால், இலக்கணத்தில். ஸ்க்ரிப்ட் முழுக்க ஹீரோ 'அவன்'. நாற்பத்திரண்டு வயசு மனிதரைத் தாசில்தார் ஆபீஸ் பியூன்கூட "தம்பி, அப்படி உக்காரு" என்கிறார். அம்மா சொன்னால் சரி. பியூனுக்கு என்ன உரிமை? எல்லா 'அவனை'யும் 'அவர்' ஆக்கினேன். சும்மா இல்லை சார், ஒரு ரிகர்ஸல் பூராவும் அதற்கே போயிற்று. மாமாவாக நடிக்கிற பாங்க் நண்பருக்கு நாக்கு சுளுக்கிக்கொண்டது. "அவருக்கு என்ன தெரியும்?" என்று சொல்லிப் பார்த்துவிட்டு, "யோவ், மரியாதையா சொன்னா இந்த டயலாக்கே நிக்க மாட்டேங்குதே!" என்றார். வாஸ்தவம். அந்த டயலாக்கை எடுத்துவிட்டோம். கீழ்ப்பாக்கம் ஜோக்குகளும் போயின. ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டோம். அதற்கு மேடையில் யாரும் சிரிக்காமல் நிற்பதாக.

'டி.வி. இருக்கிற ரூம்' வசனத்தை நாடகத்தில் சேர்க்க ஆசை. அண்ணனிடமே கேட்டோம். நண்பர் கேட்டார், நான் பக்கத்தில் நின்றேன். "என் பேர் சொல்லக் கூடாது" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "டி.வி. பெருசா இருக்கணும்." இரண்டும் ஒப்புக்கொள்ளப்பட்டன.

போலீஸ் அனுமதிக்கு ஸ்க்ரிப்ட் இரண்டு காப்பி எடுக்க வேண்டும் என்று டைரக்டர் பரபரத்தார். பழைய பழக்கம். எம்.ஆர். ராதா காலத்து 1954 நாடகச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளை, எழுத்தாளர் ஞாநி தொடுத்த வழக்கில், 2013-லேயே சென்னை ஹைகோர்ட் ரத்து செய்துவிட்டது என்று சொன்னபோது அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

கடைசி ஸீனை என்ன செய்வது என்று அவர்தான் வழி சொன்னார். பிரேஸில்காரர் அகஸ்டோ போவால். நாடகத்தைப் பாதியில் நிறுத்தி, ஜனங்களையே மேடைக்குக் கூப்பிட்டு நடிக்கச் சொன்னவர். 1993 முதல் 1996 வரை ரியோ நகரசபை உறுப்பினராக இருந்தபோது, இப்படி ஜனங்கள் நடித்துக் காட்டியதிலிருந்தே 13 சட்டங்கள் வந்தன. அதில் ஒன்று, முனிசிபல் ஆஸ்பத்திரிகளில் முதியோர் வைத்தியம் தெரிந்த டாக்டர் இருக்க வேண்டும் என்பது. நமக்கு சட்டமெல்லாம் வேண்டாம், ஒரு ஸீன் கிடைத்தால் போதும்.

ஒரு பள்ளிக்கூட ஹாலில் போட்டோம். சுமார் எண்பது பேர். நாலாவது ஸீன் வந்தது. "யாராவது இதை மாத்தணும்னா 'நிறுத்து' சொல்லுங்க" என்று டைரக்டர் அறிவித்தார். முதலில் அமைதி. அப்புறம் ஒரு டை கட்டிய இளைஞர் எழுந்து அண்ணனாக நடித்தார். "நான் பார்த்துக்கறேம்மா" என்று கையை நெஞ்சில் வைத்தார். கைத்தட்டல். அடுத்து ஓர் அம்மாள் எழுந்தார். "நீ ஒன்பது மணிக்கு ஆபீஸ் போயிடுவ. நான் யாரைக் கூப்பிடறது?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்காக மேடையிலேயே நின்றார். டை இளைஞரிடம் பதில் இல்லை. எங்களிடமும் இல்லை. அந்த அம்மாள் இறங்கவும் இல்லை. பெட்டிகளில் ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

அப்போது கூரியர் நண்பர், ஸ்க்ரிப்டில் அந்த இடத்தில் இல்லாத ஒரு காரியம் செய்தார். மெதுவாக எழுந்து, "என்னையும் கேளுங்களேன்" என்றார். புது டிராஃப்டில் அவருக்குப் பதினேழு டயலாக். இது பதினெட்டாவது.

லைட்டிங் நண்பர் ஒண்ணாம் தேதி அண்ணனை அழைத்துக்கொண்டு அந்த இல்லத்துக்குப் போனார். டூர் என்று சொல்லவில்லை. என்ன இடம் என்று சொல்லியே அழைத்துப்போனார். அண்ணன் ஒவ்வொரு ரூமாகப் பார்த்தாராம். சமையல்கட்டை எட்டிப் பார்த்தாராம். தோட்டம் பிடித்திருந்தது. டி.வி. சின்னது என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்து வேனில் உட்கார்ந்துகொண்டாராம்.

அட்வான்ஸ் இன்னும் திரும்பி வரவில்லை. இப்போது வேறு இரண்டு இடங்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். மூன்று பேருமாக.